சீனிக் கம்பெனி ஏஜெண்ட் வீட்டுக் கல்யாணம்

என் அத்தான் அழகுசுந்தரம் செட்டியார் சென்ற பங்குனியில் காலமானார். காரைக்குடியில் பென்ரோஸ் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்தவர் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கம்பெனி அவருக்கு நாலு வருஷம் முன்பே, எழுபத்தொன்றில், காலமாகிவிட்டது. லண்டனில் யாரோ யாருக்கோ விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்குக் காரைக்குடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அத்தானுக்கும் லண்டன் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாது என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

"அத்தானப் பத்தி நாலு வரி எழுதுடா, நீதான் படிச்சவன்" என்று என் ஆச்சி சொன்னாள். ஆச்சி என்றால் என் மூத்த சகோதரி தேனம்மை, அத்தானின் மனைவி. நான் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் குடும்பத்தில் 'படித்தவன்' என்பது ஒருவனை நம்பி எந்த வேலையையும் ஒப்படைக்க முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி. ஒரே ஒரு முறை ஒப்படைத்தார்கள். அத்தானின் வாழ்க்கையில் எழுதத் தகுந்தது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதில் நான் செய்த காரியமும் கலந்திருப்பதால் பாராட்டுரை எழுதும் ஆபத்து இல்லை.

முதலில் கம்பெனியைப் பற்றி. அத்தான் உயிரோடு இருந்தால் அவரும் இங்கேயிருந்துதான் தொடங்குவார்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் பென்ரோஸ் என்ற ஒருவர் லண்டனில் ஒற்றைக் கப்பலை வைத்து அதைத் தொடங்கினார். மொரீஷியஸ் தீவிலிருந்து சீனி ஏற்றி வந்து நம் துறைமுகங்களில் விற்பது தொழில். கப்பல் வெறுமையாகத் திரும்பிப் போவது நஷ்டம் என்பதால், போகும்போது நம் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கரும்புத் தோட்டங்களில் இறக்கியது. பிறகு ஜாவாச் சீனிக்கு மாறியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பளிச்சென்று வெள்ளையாக ஒரு சீனி வந்து இறங்கி, அதுவரை இருந்த பழுப்புச் சீனியை வெட்கப்பட வைத்ததே, அது பென்ரோஸ் கம்பெனியின் கப்பலில் வந்ததுதான். அதற்காகவே காரைக்குடியில் ஒரு ஏஜென்சி வைத்தார்கள். வாசலில் 'சீனி வணிகர், கப்பல் முகவர்' என்று பித்தளையில் பெயர்ப்பலகை அடித்தார்கள்.

முப்பத்திரண்டில் அரசாங்கம் வெளிநாட்டுச் சீனிக்குப் பெரிய வரி போட்டது. ஜாவாச் சீனி வரத்து நின்றது. கம்பெனி சீனியை விட்டுவிட்டு மற்றவர்கள் சரக்கைக் கப்பலேற்றிப் பிழைக்கத் தொடங்கியது. பலகையை மட்டும் மாற்றவில்லை. பித்தளை நல்ல கனம்.

அத்தான் முப்பத்துநாலில் வேலைக்குச் சேர்ந்தார். அதாவது சீனி போன பிறகு அவர் வந்தார். இதையே அவர் வாழ்க்கையின் சுருக்கம் என்று சொல்லிவிடலாம். சுருக்கங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதால் மேலே எழுதுகிறேன்.

அவர் வேலை, பினாங்கிலும் ஈப்போவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து போகும் அப்பளக் கட்டு, ஊறுகாய் ஜாடி, மிளகாய்ப்பொடி டின் ஆகியவற்றுக்குக் கப்பல் ரசீது எழுதுவது. வீட்டின் முன்கட்டிலேயே ஒரு மேசை. சுவரில் மூன்று பாய்மரம் வைத்த கப்பலின் படம். "சீனிக் கம்பெனில மொளகாப்பொடி அனுப்புற ஒரே ஆளு ஒலகத்துல நான்தான் மச்சான்" என்று என்னிடம் சொல்வார். என்னிடம் மட்டும். ஊரில் சொல்லமாட்டார். ஊர் கேட்டதும் இல்லை. பலகையில் சீனி என்று இருக்கிறது. ஆகவே உள்ளே சீனி இருக்கிறது. தர்க்கம் படிக்காதவர்களுக்கும் இந்த அளவு தர்க்கம் வரும்.

அறுபத்தாறில் சீனிக்குப் பெரிய தட்டுப்பாடு. கார்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். கிடைத்த சீனியில் ஒரு பகுதியை அன்னியச் செலாவணிக்காக அரசாங்கம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. அதில் கொஞ்சம் பென்ரோஸ் கம்பெனி மூலமாகவே சென்னையில் கப்பலேறியதாம். அத்தான் இதை என்னிடம் மார்பை நிமிர்த்திச் சொன்னார். சொன்னபோது நாங்கள் குடித்துக்கொண்டிருந்தது கருப்பட்டிக் காபி.

அந்த வருஷம்தான் அவர் மகள் மெய்யம்மைக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு மதுரையில் பாங்கு உத்தியோகம். அவருடைய அப்பா, கண்டனூர் மெய்யநாதன் செட்டியார், பேசி முடிக்க வந்தார். வந்தவர் உட்காரும் முன் வாசல் பலகையை ஒரு தரம் படித்தார். நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"வைரம், வெள்ளி, சாமான் இதெல்லாம் உங்க பொண்ணுக்கு நீங்க செய்யிறது. அதுல நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் மெய்யநாதன் செட்டியார். "ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். சீனி உங்க பொறுப்பு."

"எங்க வீட்டுச் சீனிதானே?" என்றார் அத்தான்.

"ரெண்டு வீட்டுக்கும் சேத்து. அஞ்சு மூட்டை போதும். உங்களுக்கு இது ஒரு விசயமா?"

கண்டனூரில் அவர்கள் பங்காளிகள் அதிகம். எங்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கல்யாணப் பலகாரம் புள்ளிக்கு இவ்வளவு என்று வீடு வீடாகப் போகும். அதில் குறைந்தால் அந்தக் குறை, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரை பேசப்படும். மெய்யநாதன் செட்டியார், புள்ளிக்கு நூறு மாவுருண்டை, அதுவும் வெள்ளைச் சீனியில், என்று ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அத்தான் சுவரில் இருந்த கப்பலைப் பார்த்தார். கப்பல் ஒன்றும் சொல்லவில்லை. "ஆகட்டும்" என்றார்.

சம்பந்தி போனதும் ஆச்சி கூடத்துக்கு வந்தாள். "ஆகட்டும்மா? எதுல ஆகட்டும்? நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இங்க கப்பல் படந்தேன் இருக்கு. நாளைக்குக் காப்பிக்கே சீனி இல்ல."

"அவுக கேட்ட விதம் அப்படி. உங்களுக்கு இது ஒரு விசயமாங்குறாக. விசயந்தேன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

"வாய் வராதுல்ல? மூட்டை மட்டும் எங்கருந்து வரும்? நீங்க அப்பளம் அனுப்புன கப்பல்லயா?"

அத்தான் சென்னை ஆபீசுக்கு எழுதிக் கேட்டார். கம்பெனி சீனியைக் கப்பலில் ஏற்றுவதோடு சரி, விற்பதில்லை என்றும், மணமக்களுக்கு வாழ்த்து என்றும் பதில் வந்தது. கூடவே ஒரு காலண்டர் அனுப்பியிருந்தார்கள். கள்ளமார்க்கெட்டில் வாங்க அவருக்குப் பயம். கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார். எனக்கென்னவோ, அங்கே போய் நின்றாலும் 'உங்களுக்கா சீனி?' என்று கேட்பார்களே என்ற பயம்தான் அது என்று பட்டது.

தாலுகா சப்ளை ஆபீசில் கல்யாணத்துக்கென்று மனுப் போட்டால் கொஞ்சம் சீனி கொடுப்பதாக நான் கேள்விப்பட்டிருந்தேன். சொன்னேன்.

"பென்ரோஸ் ஏஜெண்டு, சீனிக்கு வரிசையில நிக்கிறதா?" என்றார். "வேற ஏதாவது யோசிச்சுச் சொல்லுங்க மச்சான். படிச்சவுகள்ல நீங்க."

யோசித்தேன். இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். எங்கள் தெருவில் வீடுகள் பெரியவை, இருப்பவர்கள் குறைவு. ஆனால் வெளியூரில் இருப்பவர்கள் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தச் சீனியையும் மாதாமாதம் வாங்குகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தின்ன ஆளில்லாத சீனி இருந்தே ஆகவேண்டும். வீட்டுக்கு ஒரு படி கைமாற்றாக வாங்கினால் ஐந்து மூட்டை வராவிட்டாலும் ஒரு மூட்டையாவது தேறும். இதை நான் விளக்கியபோது அத்தான் முகத்தில் முதன்முதலாக என்மேல் ஒரு மரியாதை தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை பித்தளைத் தூக்குச்சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். மூன்றாம் வீட்டு விசாலாட்சி ஆச்சி வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணே, தூக்குச் சட்டியும் கையுமா?"

"ஒன்னுமில்ல ஆத்தா. கொஞ்சம் சீனி இருந்தாக் கைமாத்தா..."

"சீனியா? உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

அவள் முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நெசத்தச் சொல்லுங்க. கம்பெனிக்கே இல்லையா? இனிமே சீனியே வராதா?"

வேறு யாராக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். அத்தானுக்கு ஊர் சொன்ன பொய்யை மறுக்கத்தான் தெரியாது. சொந்தமாக ஒரு பொய் சொல்லவும் தெரியாது. "வராது போலத்தான் இருக்கு" என்றார்.

அவள் உள்ளே போனாள். அடுப்படிக் கதவைத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "நேத்துத்தான் தீந்துச்சு அண்ணே" என்றாள்.

நாங்கள் ஏழெட்டு வீடு ஏறினோம். தூக்கின் அடி மறையும் அளவு சீனி கிடைத்தது. அதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. பென்ரோஸ் ஏஜெண்டே சட்டியோடு தெருவில் இறங்கிவிட்டார் என்றால் உலகத்தில் சீனி முடிந்துவிட்டது என்று அர்த்தம். மத்தியானத்துக்குள் ரேஷன் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. இருந்தவர்கள் பதுக்கினார்கள். இல்லாதவர்கள் அடித்துக்கொண்டார்கள். கோயில் பிரசாதப் பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லத்தைக்கூட எங்கேயோ எடுத்து வைத்துவிட்டதாகப் பேச்சு. என் தர்க்கத்தில் எல்லா வாக்கியமும் சரி. கேட்கப்போவது யார் என்ற ஒன்றை மட்டும் விட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கண்டனூரிலிருந்து மெய்யநாதன் செட்டியார் ஒரு வேனில் வந்து இறங்கினார். வேன் நிறையக் காலித் தகர டின்கள்.

"அஞ்சு மூட்டையையும் நீங்க தூக்கி அனுப்புறது சிரமம்ன்டு நானே டின்னோட வந்துட்டேன்" என்றார்.

அத்தான் வாயைத் திறப்பதற்குள் ஜீப் ஒன்று வந்து நின்றது. சப்ளை இன்ஸ்பெக்டர் குழந்தைவேலு இறங்கினார். நல்ல மனிதர், என்னிடம் படித்தவர். அதனால் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

"ஐயா, தப்பா நெனச்சுக்கிறாதீக. ஊருச் சீனியெல்லாம் வாங்கி நீங்க பதுக்கி வைக்கிறதாப் பெட்டிசன் வந்துருக்கு" என்றார். சொல்லும்போதே அவர் கண் வேனில் இருந்த டின்களின் மேல் போய் நின்றது.

"தாராளமாப் பாத்துக்கங்க" என்றார் அத்தான். அவர் குரலில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி கேட்டது. முப்பது வருஷத்தில் அவரிடம் சீனி இருப்பதாக அரசாங்கமே நம்பியது அன்றுதான்.

இன்ஸ்பெக்டர் வளவுக்குள் போனார். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு.

"இந்த அறைச் சாவி குடுங்க."

"அது ஈப்போவுல இருக்கு."

"எங்க?"

"மலேயாவுல. என் தம்பி இடுப்புல. அவன் அறை அது."

"சரி, இது?"

"பெரியண்ணன் அறை. அவுக காலமாயிட்டாக. சாவி அவுக மகன்கிட்ட. மகன் மெட்ராசுல."

"அந்த மூலை?"

"சித்தப்பா மக்களுது. அவுக ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அதனால சாவி ஆருகிட்டன்டு ஆருக்கும் தெரியாது."

குழந்தைவேலு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவர் கமுதிப் பக்கத்துக்காரர். எங்கள் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் ஒவ்வொரு அண்ணன் தம்பிக்கும் ஒவ்வொரு அறை என்பதும், அடுத்தவன் அறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்பதும் அவருக்குப் புதிது.

"அப்ப இம்புட்டுப் பெரிய வீட்டுல உங்களுது எதுதான் ஐயா?"

அத்தான் சுற்றிலும் பார்த்தார். "அந்தக் கோடி அறை ஒன்னு. முன்னால கெடக்குற மேசை. அப்புறம் இந்த ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்குற தரை. அதையும் மூத்தவுக வந்தா விட்டுக் குடுத்துரணும்."

கோடி அறையில் மெய்யம்மையின் புடவைகளும் சென்னையிலிருந்து வந்த காலண்டரும் இருந்தன. அடுப்படியில் தூக்குச்சட்டியின் அடியை மறைக்கும் அளவு சீனி. பூட்டைத் திறக்கவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் இன்ஸ்பெக்டர் எல்லாப் பூட்டுக்கும் அரக்கு வைத்து முத்திரை போட்டார். சாவிகள் வந்த பிறகு திறந்து பார்ப்பதாகச் சொன்னார். கல்யாணம் முடியும் வரை எந்தச் சாவியும் வரவில்லை. வந்த விருந்தினர்கள் எல்லாரும் அரக்கு முத்திரையைச் சாமி தரிசனம் போல நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜீப் போனதும் மெய்யநாதன் செட்டியார் அத்தானின் தோளைத் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"கெட்டிக்காரர் சம்பந்தி நீங்க! பங்காளி அறையில வச்சுட்டீகளே, எவன் தொடுவான்? கல்யாணத்துக்கு முன்னாடி அரக்க எடுத்துருவாகள்ல?"

"உள்ள ஒன்னும் இல்ல."

"அதத்தானே நானும் சொல்லுவேன், கேக்குறவன் கேட்டா."

"நெசமாவே இல்ல சம்பந்தி."

அவர் ஒரு கண்ணை மூடித் திறந்தார். டின்களை எங்கள் கூடத்தில் அடுக்கிவிட்டு, "நெறஞ்ச ஒடனே சொல்லி அனுப்புங்க" என்று வேனில் ஏறிப் போனார்.

மறுநாள் நான் கண்டனூருக்குப் பஸ் ஏறினேன். கம்பெனியின் சரித்திரத்தை ஆதியிலிருந்து அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஜாவா, முப்பத்திரண்டாம் வருஷத்து வரி, பித்தளைப் பலகையின் கனம், ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டார். மோர் கொடுத்தார். கடைசியில், "சம்பந்தி நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காக" என்றார். எத்தனையோ வருஷம் வகுப்பு எடுத்திருக்கிறேன். அவ்வளவு முழுமையாகத் தோற்றதில்லை.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. சீனி வராது என்று அவருக்குத் தெரியும் நாளில் அவர் என்ன செய்வார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு நின்றுபோன கல்யாணங்களை எல்லாரும் பார்த்திருந்தோம். ஆச்சி பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அத்தான் காலி டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து அப்பளக் கட்டுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

மெய்யம்மை வந்து ஒரு டின்னை நகர்த்திவிட்டு அவர் எதிரில் நின்றாள்.

"அப்பச்சி, சீனி இல்லைன்டா என் கல்யாணம் இல்லையா?"

"அப்படி ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. நீங்களும் இல்லைன்டு சொல்ல மாட்டேங்குறீக."

"சொல்லிட்டேன் ஆத்தா. ஆரும் நம்பல."

"இங்க ஒக்காந்துக்கிட்டுச் சொன்னா ஆரு நம்புவா? தலைக்கு மேல கப்பலு, வாசல்ல பித்தளை. அங்குட்டுப் போயி வரிசையில நில்லுங்க. நம்புவாக."

தர்க்கம் என்பது நான் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் பாடம். அவள் எட்டாவதோடு நின்றவள்.

அடுத்த நாள் காலை அத்தான் வெளுத்த வேட்டி உடுத்தி, திருநீறு பூசி, தாலுகா சப்ளை ஆபீசுக்குக் கிளம்பினார். நானும் துணைக்குப் போனேன். ஆபீஸ் வாசலில் ஏற்கெனவே நீண்ட வரிசை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று ஆளுக்கொரு காரணத்தோடு நின்றிருந்தார்கள். அத்தான் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பினார். நாச்சியாபுரம் மலையாண்டி, விவசாயி. எங்கள் வீட்டுக்கு நெல் கொண்டு வருபவர்.

"அடடே, கம்பெனிக்காரக! இங்கிட்டு ஆருக்குத் துணைக்கு வந்தீக?"

"எனக்குத்தான் மலையாண்டி. மகளுக்குக் கல்யாணம். வீட்டுல சீனி இல்ல."

அதை அவர் சாதாரணக் குரலில்தான் சொன்னார். ஆனால் வரிசையின் முன்பகுதி வரை தலைகள் திரும்பின. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மலையாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தாவோட அண்ணன் உங்க கம்பெனிக் கப்பல்லதான் மொரீசுக்குப் போனாராம். கரும்பு வெட்ட" என்றார். "அஞ்சு வருசத்துல வாரேன்னு சொல்லிட்டுப் போனவரு. ஆளும் வரல, தாக்கலும் வரல. இம்புட்டுப் பேரு போயி வெட்டுன சீனியெல்லாம் உங்க வீட்டுலதான் கெடக்குமின்னு எங்க அப்பத்தா சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க வீட்டுலயும் இல்லையா?"

கம்பெனிக் கதையை அவர் நூறு பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கப்பல் மொரீஷியசிலிருந்து வரும்போது என்ன கொண்டுவந்தது என்று சொல்வார். போகும்போது என்ன கொண்டுபோனது என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"இல்ல மலையாண்டி. எங்க வீட்டுக்கும் வரல."

"அப்ப ஆரு வீட்டுக்குத்தான் போச்சு?" என்றார் மலையாண்டி. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு, "நீங்க முன்னால வாங்க. வயசாளி, வெயில்ல நிக்கிறீக" என்று ஒதுங்கினார்.

"இல்ல. நீங்க எனக்கு முந்தி வந்தவுக. நில்லுங்க."

வெயில் ஏறியது. வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் மெய்யநாதன் செட்டியார் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். பென்ரோஸ் ஏஜெண்டு சீனி வரிசையில் நிற்கிறார் என்ற செய்தி முதல் பஸ்ஸிலேயே கண்டனூர் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன சம்பந்தி இது? நாலு பேரு பாக்குறாக!"

"பாக்கட்டும்ன்டுதான் நிக்கிறேன்."

"அந்த அறையில..."

"ஒன்னும் இல்ல."

இந்த முறை அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. குடையை மடக்கினார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். வரிசை முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"புள்ளிக்கு நூறுன்டு சொல்லிட்டேனே" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஊரு முச்சூடும் சொல்லிட்டேன்."

"நான் ஆகட்டும்ன்டு சொல்லிருக்கக் கூடாது."

"அன்னைக்கே இல்லைன்டு சொல்லிருந்தா?"

"சொல்லிருந்தாப் பொண்ணு வேணாம்ன்டு போயிருப்பீகளோன்டு பயம்."

மெய்யநாதன் செட்டியார் அவரைக் கூர்ந்து பார்த்தார். "என்னய அப்படியா நெனச்சீக?"

நான் வரிசையில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மெய்யநாதன் செட்டியாரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அவர் காது சிவந்தது.

"அப்படி ஒரு வேள போயிருப்பேன்தான்" என்று மெதுவாகச் சொன்னார். "ஆனா இப்பப் போனா, சீனிக்காகப் பொண்ணெடுக்க வந்தவன்டு பேராயிருமே. வாயத் தொறந்து அளந்தது நானு. வாயத் தொறக்காம இருந்தது நீங்க. இதுல அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு?"

மலையாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தா உள்ள இருக்குறதும் தீந்துரும். மாப்ள வீடும் தனி மனுப் போடலாம்ல? ஆளுக்கொரு பங்கு கெடைக்கும். செட்டியாரே, இவுகளுக்குப் பின்னால நில்லுங்க."

"நானா? வரிசையிலயா?"

"ஏன், கண்டனூர்க்காரகளுக்குக் காலு இல்லையா?"

அத்தான் கொஞ்சம் முன்னே தள்ளி இடம் விட்டார். "வாங்க சம்பந்தி. இங்குட்டு லேசா நெழல் விழுகுது."

மெய்யநாதன் செட்டியார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செருப்பைச் சரிசெய்துகொண்டு, அத்தானுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் குடையை விரித்து இருவருக்கும் சேர்த்துப் பிடித்தார். எனக்கு அதில் இடம் இல்லை. என் பங்களிப்பைப் பொறுத்தவரை அது நியாயம்தான்.

ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா அத்தானைப் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். "தொழில்?" என்றார்.

"கப்பல் ரசீது எழுதுறது."

"என்ன சரக்கு?"

"அப்பளம், ஊறுகாய், மொளகாப்பொடி" என்றார் அத்தான், வரிசைக்கே கேட்கும்படி. இந்த முறை சிரித்தவர்களோடு அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் மேசையில் உட்கார்ந்து சிரித்து நான் பார்த்திருக்கிறேன். தெருவில் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

இரண்டு வீட்டுக்கும் கிடைத்த சீனியைச் சேர்த்தால் அரை மூட்டை தேறவில்லை. காபிக்கு ஒதுக்கியது போக மிச்சத்தை உருண்டை பிடித்தார்கள். மற்றதெல்லாம் வெல்லத்தில் அதிரசம். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

மூன்றாம் நாள் கண்டனூரில் பலகாரம் கொடுக்க மெய்யநாதன் செட்டியாரே வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். புள்ளிக்கு ஒரே ஒரு வெள்ளை மாவுருண்டை, சுற்றிலும் அதிரசம். முதல் வீட்டு ஆச்சி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நூறுன்டீக. ஒன்னுதானா?"

"ஒன்னுதான்" என்றார் அவர். "ஆனா இது வாங்குன சீனி இல்ல. சம்பந்தி வெயில்ல வரிசையில நின்டு கொண்டாந்தது. பின்னாலயே நானும் நின்டேன்."

அடுத்த வீட்டில் அவர் சொல்லச் சொல்ல அந்த வரிசை சப்ளை ஆபீசிலிருந்து கடைத்தெரு வரை நீண்டது. அதற்கடுத்த வீட்டில் அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று ஆகிவிட்டது.